மீண்டும் வருவேன் என்ற சமாரியர்

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள் நிலையத்திலும் அருகிலிருந்த பள்ளியிலும் சிக்கிக்கொண்டனர். வெளியுதவி வந்து சேருமுன், புதுக்குடி கிராமத்தார் தங்களிடமிருந்த அரிசியைச் சமைத்து அவர்களுக்குப் பகிர்ந்தளித்தனர். தங்கள் ஊரே வெள்ளத்தில் தவிக்கையிலும் அந்நியரின் பசியை அவர்கள் மறக்கவில்லை.

அன்பர்களே, வாசுதேவநல்லூரில் வாழும் நமக்கும் இது ஒரு பாடம். உதவி என்றதும் பெட்டியடியில் கிடக்கும் பழந்துணிகளை மூட்டை கட்டுகிறோம். நாம் உடுத்தக் கூசுவதைப் பிறருக்கு அளிப்பது பிறரன்பாகுமா? வெள்ளம் வடிந்த வீட்டிற்கு வேண்டியவை குடிநீர், பாய், போர்வை, சமையல் பாத்திரம், சேற்றை வாரி எறிய மண்வெட்டியுடன் சில கைகள். ஆகவே, தேவையை முன்னதாகவே கேட்டறிந்து செல்வோம். சாலையோரத்திலேயே கொடுத்துத் திரும்பாமல், கடைசித் தெருவரை நடப்போம். சாதியும் சமயமும் வினவாதிருப்போம்.

நற்செய்தியில் வரும் நல்ல சமாரியர் காயங்களைக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரக்காரரிடம் பணம் கொடுத்து, மீண்டும் வருவதாகவும் வாக்களித்தார். நாமோ முதல் வாரம் சோற்றுப் பொட்டலம் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். புத்தகங்களை இழந்த பிள்ளைக்கும், ஆடுகளை இழந்த கைம்பெண்ணுக்கும் உண்மையான துன்பம் அதன் பின்னரே தொடங்குகிறது.

இனியொரு பேரிடர் நேரின், நம் பங்கின் குடும்பம் ஒவ்வொன்றும் துன்புற்ற ஒரு குடும்பத்தை மூன்று மாதமேனும் தாங்குமெனத் தீர்மானிப்போமா?