புது மீனும் புதுத் தண்ணீரும்

ஊர் விட்டு ஊர் வந்து குடியேறியவர்கள் முதலில் சொல்லும் குறை, "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்பதே. நாம் தண்ணீரைக் குடிக்கிறோம், குளிக்கிறோம், அவ்வளவோடு சரி. மீனோ அதற்குள்ளேயே மூச்சு விட்டு, அதற்குள்ளேயே கழிவையும் விட்டு வாழ வேண்டியது. கடையில் வாங்கிய மீனை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் விடுவது, அதனைப் புதிய ஊரில் குடியேற்றுவதற்கு ஒப்பாகும்.

தில்லியில் ஒரு ஜனவரி மாலையில் நாம் ஆறு நியான் டெட்ரா மீன்களை வாங்கி வந்தோம். நீல வரியும் சிவப்பு வரியும் உடைய சிறு மீன். அமேசான் ஆற்றின் மேற்பகுதியைத் தாயகமாகக் கொண்டது. குழந்தைகளின் அவசரம் நம்மையும் பற்றிக்கொண்டது. பையை அவிழ்த்து அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டோம். காலையில் நான்கு மீன்கள் மிதந்தன. கடைக்காரர் நோயுற்ற மீனைத் தந்துவிட்டார் என்று இரண்டு நாள் நொந்துகொண்டோம். குற்றம் நம்முடையதே என்பது பின்னரே விளங்கிற்று.

மீன் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் பிராணி அன்று. சுற்றியுள்ள நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். வெப்பநாட்டு மீன்களுக்குப் பெரும்பாலும் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றது. தில்லியில் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீர் ஜனவரியில் கையை விறைக்கச் செய்யும். மே மாதத்தில் சுடும். ஆகவே கட்டிய பையை அவிழ்க்காமல் 15 அல்லது 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்க விடுதல் வேண்டும். தொட்டியே குளிர்ந்திருந்தால் மிதக்கவிட்டும் பயனில்லை. நம் தொட்டியில் அன்று ஹீட்டர் கிடையாது.

வெப்பத்தை உஷ்ணமானி காட்டிவிடும். நீரில் கரைந்துள்ள உப்புகளோ கண்ணுக்குத் தெரியா. நன்னீர் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரில் உள்ளதைவிட மிகுதி. அதனால் செவுள் வழியே நீர் உடலுக்குள் இடையறாது கசிந்து புகும். சிறுநீரகம் அதனை இறைத்து வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மென்னீரில் வளர்ந்த மீனைக் கடின நீரில் சட்டென்று விட்டால் இந்தக் கணக்குக் குலைகிறது. மீனைப் பை நீரோடு ஒரு பாத்திரத்தில் ஊற்றி, தொட்டி நீரைச் சில நிமிடத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாகச் சேர்த்து, அரை மணி கழித்து வலையால் எடுத்துத் தொட்டியில் விடுவது வழக்கம். பை நீரைத் தொட்டியில் கொட்டலாகாது. கடைத் தொட்டியின் நோய்க்கிருமிகளும் உடன் வந்துவிடும். ஆயினும் அரை மணியில் மீன் முற்றிலும் பழகிவிடும் என்று எண்ணற்க. உப்பின் வேறுபாட்டுக்கு உடல் இசைந்து வரப் பல நாள் ஆகும். நம் வீட்டு நீர் கடின நீராயின் கப்பி, மோலி போன்றவற்றைத் தேர்ந்துகொள்வதே நலம் என்பது நம் கருத்து.

இந்த முறைக்கு ஒரு விலக்கு உண்டு. சென்னையின் கொளத்தூர் வண்ண மீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற இடம். ஊர் சென்று திரும்பும் நேயர்களில் எவரேனும் அங்கிருந்து மீன் கொண்டுவரலாம். தில்லி வந்து சேர 30 மணிக்கு மேலாகும். அத்தனை நேரமும் மீன் விடும் கரியமிலவாயு பைக்குள் தேங்கி நீரை அமிலமாக்குகிறது. கழிவிலிருந்து அம்மோனியாவும் பெருகுகிறது. அமில நீரில் அம்மோனியா பெரும்பாலும் தீங்கற்ற வடிவில் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் கரியமிலவாயு வெளியேறும், அமிலம் தணியும், அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாக மாறும். பி.எச். என்னும் அளவு ஒரு படி உயர்ந்தால் நஞ்சின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். இத்தகைய மீனைத் திறந்த பாத்திரத்தில் அரை மணி வைத்து நிதானமாக நீர் கலப்பது, அக்கறையோடு நஞ்சூட்டுவதாகும்! மூடிய பையிலேயே வெப்பத்தைச் சமன் செய்து, திறந்தவுடன் தாமதமின்றி வலையால் எடுத்துத் தொட்டியில் விட்டுவிட வேண்டும்.

தொட்டியும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகே பயன்படுத்தலாம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதனை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் கூழாங்கற்களிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். நம்முடைய தொட்டியோ அமைத்து இரண்டே நாள் ஆகியிருந்தது. எஞ்சிய இரண்டு மீன்களும், தினமும் சிறிதளவு நீரை மாற்றியதாலும் அவசரமாக வாங்கிய ஹீட்டராலும் பிழைத்தன.

மீனை விட்ட முதல் இரவு விளக்கை அணைத்துவிடுக. உணவு மறுநாள் போதும். அது ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தால், கண்ணாடியைத் தட்டி எழுப்ப வேண்டாமென்று குழந்தைகளிடம் முன்னதாகவே சொல்லி வைக்கலாம்.