ஒரு நூல் இடைவெளி

ஒரகடத்து ஆலைக்குக் கடல் கடந்து ஓர் இயந்திரம் வந்தால், அதைச் சுற்றிப் பெட்டியாக அடித்த பைன் மரமும் கூடவே வந்து இறங்குகிறது. இயந்திரம் உள்ளே போய் போல்ட் போட்டு உட்கார்ந்துவிடும். பெட்டியைப் பிரித்து, ஆணியோடு லாரியில் ஏற்றி, பழைய மரம் விற்கும் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தில் வீட்டுப் பின்கட்டில் தச்சுவேலை பழகுகிறவர்களுக்கு இந்தப் பேக்கிங் மரம்தான் அரிச்சுவடி. விலை குறைவு. இழைப்புளி ஓட்டினால் வெண்ணெய் மாதிரி வழியும். அளவு தப்பி அறுத்துவிட்டாலும் வயிறு எரியாது.

பாடலாத்ரி நரசிம்மரின் குடவரைக் கோயிலால் பேர்பெற்ற ஊர் இது. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பிரிந்து மேற்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை இங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சாலையின் முகத்தை மாற்றியவை ஆலைகள்: 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. வேலைக்கு வந்து, மனை வாங்கி, வீடு கட்டி இங்கேயே தங்கிவிட்டவர்கள் நிறைய. காலை ஷிப்டு முடித்து மத்தியானமே வீடு திரும்புகிறவருக்குச் சாயங்காலம் முழுக்க மிச்சம். பின்பக்கம் நாலு கம்பம் நட்டுத் தகரம் போட்டால் பட்டறை தயார். அளவெடுப்பதும் வரைபடம் படிப்பதும் இவர்களுக்குக் கைவந்த வேலை.

ஆனால் அந்தத் திறமையே கதவு செய்யும்போது காலை வாரிவிடும். ஆலையில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பாகத்தைத் தள்ளிவிடுவார்கள். அதே கண்ணோடு மரத்தை அணுகி, நிலைக்குள் கச்சிதமாக, துளி இடைவெளி இல்லாமல் மே மாதம் கதவு செய்து மாட்டினால், ஐப்பசி மழையில் அந்தக் கதவு திறக்காது. இரும்பு வெயிலுக்கு விரிகிறது. மரம் ஈரத்துக்கு விரிகிறது. அதிலும் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவே இல்லை, அகலவாக்கில் மட்டும்தான்.

எவ்வளவு விரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பச்சையாக அறுத்த தேக்குப் பலகை சொட்டு ஈரம் இல்லாமல் காயும்வரை, அறுத்த வாக்கைப் பொறுத்து, அகலத்தில் சுமார் 2.5 முதல் 6 சதவீதம்வரை சுருங்கும். நம் ஊரில் கோடைக்கும் அடைமழைக்கும் நடுவில் மரத்தின் ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்குகிறது என்று வையுங்கள். மூன்றரை அடி அகலத்துக்குப் பலகைகளை ஒட்டி ஒரே பாளமாகக் கதவு செய்தால், அது சுமார் 8 மில்லிமீட்டர்வரை அகன்று சுருங்கும். தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். 8 மில்லிமீட்டர் என்றால் இரண்டரை நூல். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வழக்கமாக விடுவதோ ஒரு நூல்.

நம் ஆசாரிமார்கள் சட்டமும் பலகையுமாகக் கதவு செய்தது இதனால்தான். இரண்டு பக்கமும் நெடுஞ்சட்டம், அவற்றைப் பிணைக்கக் குறுக்குச் சட்டங்கள், சட்டத்தின் உள்விளிம்பில் காடி, காடிக்குள் பலகை. நெடுஞ்சட்டம் ஒவ்வொன்றும் நாலரை அங்குலம் என்றால், கதவின் அகலத்தில் அசையக்கூடிய மரம் மொத்தம் ஒன்பது அங்குலம்தான். அதன் விரிவு 2 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். குறுக்குச் சட்டத்தின் நீளம்தான் கதவின் மிச்ச அகலம். நீளவாக்கில் மரம் அசையாது என்பதால் அதில் மாற்றமில்லை. நடுவில் இருக்கும் பலகை காடிக்குள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும். யாருக்கும் தெரியாது.

ஒரே நிபந்தனை, பலகையைக் காடியில் பசை போட்டு ஒட்டக்கூடாது. புதிதாகச் செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த இடத்தில் கை நிற்காது. கையில் பசை டப்பா, எதிரே இடுக்கு; ஊற்றத்தான் தோன்றும். ஒட்டிய பலகை சுருங்க வழியில்லாமல் நடுவில் வெடிக்கும், அல்லது விரிந்து சட்டத்தின் மூட்டைப் பிளக்கும். பசை மூட்டுக்கு மட்டும்தான்: ஒரு சட்டத்தில் துளை, மறு சட்டத்தில் நாக்கு, நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. மூட்டை இறுக்கிய பிறகு குறுக்கே ஒரு மர ஆணியும் அடித்துவிட்டால், பசை தோற்கும் காலத்திலும் மூட்டு நிற்கும்.

காடியில் விடும் இடத்துக்கும் பஞ்சாங்கம் உண்டு. ஓரடி அகலப் பலகை இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு விரியும் என்பதால், சித்திரை வெயிலில் செய்கிற கதவில் இரு பக்கமும் ஒரு நூல் விட்டுவிடலாம். ஐப்பசியில் செய்தால் மரம் ஏற்கெனவே உப்பியிருக்கும். அரை நூல் போதும், ஆனால் காடி ஆழமாக இருக்க வேண்டும். பலகையைக் கோப்பதற்கு முன்பே அதன் விளிம்புவரை வார்னிஷ் பூசிவிடுங்கள். கோத்தபின் பூசினால், அடுத்த கோடையில் பலகை சுருங்கும்போது சட்டத்தின் ஓரமாக வெளுத்த கோடு ஒன்று எட்டிப் பார்க்கும்.

இனி பேக்கிங் மரத்துக்கு வருவோம். கடையில் பொறுக்கும்போது பலகையின் மேல் சுட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஒரு கதிர்ச் சின்னம், அதன் பக்கத்தில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, ஓர் எண், கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து. 2002இல் ஏற்கப்பட்ட சர்வதேச விதி இது. மரத்தோடு பூச்சி நாடு தாண்டக்கூடாது என்பதற்காக வந்தது. கடைசியில் ‘எச்.டி.’ என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருந்திருக்கிறது என்று பொருள். தைரியமாக எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை போட்ட மரம், வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாத, எண்ணெய்க் கறை படிந்த பலகையும் வேண்டாம்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சூடு காட்டிய மரம் என்றால் உலர்ந்த மரம் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தச் சூடு உள்ளே இருக்கிற பூச்சியைக் கொல்வதற்கு. மரத்தை உலர்த்துவதற்கும் அல்ல, நாளை வரப்போகிற கரையானைத் தடுப்பதற்கும் அல்ல. செங்கல்பட்டு மாவட்டத்துக் கரையானுக்குப் பைன் மரம் விருந்துச் சாப்பாடு. அதனால் அலமாரித் தட்டு, பட்டறை மேசை, பழகுவதற்கான மூட்டுகள் என்பதோடு பைனை நிறுத்திக்கொள்வது நல்லது. வாசலுக்கும் குளியலறைக்கும் அது ஆகாது.

முதல் கதவாக எதைச் செய்யலாம்? என் தீர்ப்பு: கொசுவலைக் கதவு. ஏரிகள் சூழ்ந்த இந்த மாவட்டத்தில் அது இல்லாமல் ஆறு மணிக்கு மேல் உட்கார முடியாது. பலகை இல்லாததால் விரிவுக் கணக்கு சுலபம். சட்டமும் மூட்டும் பழகிவிடும். சட்டத்துக்கு எடுக்கும் கட்டையை ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். வில்லாக வளைந்திருந்தால் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். மூட்டைக் கிளாம்ப் போட்டு இறுக்கியதும் மூலைவிட்டம் இரண்டையும் டேப்பில் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சதுரம். மூலைமட்டத்தை மட்டும் நம்பினால் ஏழடிக் கதவில் ஒரு நூல் பிசகு கடைசியில் அரை அங்குலமாக வந்து நிற்கும்.

அடுத்தது பூஜை அறைக் கதவு. இரட்டைக் கதவு, சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு மணி. மழை படாது, வெயில் படாது, கனம் அதிகமில்லை. கட்டங்களுக்குக் குச்சி அறுக்கும்போது ஒவ்வொன்றையும் டேப் வைத்து அளக்காமல், ஒரு நிறுத்துக் கட்டையைப் பொருத்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அறுத்துவிட வேண்டும். ஆலையில் வேலை பார்க்கிறவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கற்ற தொழில் இங்கே முழுசாகக் கைகொடுக்கும்.

தலைவாசலை மட்டும் ஆசாரியிடம் விட்டுவிடுங்கள். நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, ஆசாரிக்கு வேட்டி துண்டும் தட்சணையும் கொடுத்து வாசக்கால் நிறுத்துவது சம்பிரதாயம் மட்டும் அல்ல. நிலை ஒரு நூல் சாய்ந்தால் கதவு தானாகத் திறக்கும் அல்லது தானாகச் சாத்திக்கொள்ளும். அதைச் சரிசெய்யச் சுவரை உடைக்க வேண்டும். மரச் செலவும் சின்னதல்ல. ஐந்துக்கு நாலு அங்குலக் கட்டையில் ஏழடிக்கு இரண்டு நிலைக்கால், நாலடிக்கு மேலும் கீழும் படி என்றால் மொத்தம் இருபத்திரண்டு அடி. அதாவது மூன்று கன அடி. ஏழுக்கு மூன்றரைக் கதவுக்கு இரண்டேகால் கன அடி. வெட்டுச் சேதாரம் சேர்த்தால் அதுவும் மூன்றுதான். தேக்கில் இதைப் பழகிப் பார்க்க எல்லோருக்கும் பர்ஸ் இடம் கொடுக்காது. நீங்கள் கதவை மட்டும் செய்வதாக இருந்தாலும், சுவர் பூச்சு முடிந்து ஈரம் காய்ந்த பிறகு நிலையை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, அதில் சின்ன அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

தேக்கு என்று சொல்லும்போது எந்தத் தேக்கு என்று கேட்பது அவசியமாகிவிட்டது. செட்டிநாட்டு வீடுகளின் கதவுகளுக்கு மரம் தந்த பர்மா, 2014 ஏப்ரல் முதல் தேதியோடு முழு மரத்தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குவது பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டப்பயிராக வளர்த்த இளம் தேக்கு. கெட்ட மரம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வைரம் பாயாத வெள்ளைப் பகுதி அதில் அதிகம். அந்த வெள்ளையை உளுவும் கரையானும் வித்தியாசம் பார்க்காமல் தின்னும். சாயம் பூசிவிட்டால் முகப்பில் தெரியாது. கட்டையின் வெட்டு முனையைப் பாருங்கள், அங்கே தெரிந்துவிடும். ஊரில் சொந்தமாக முற்றிய வேம்போ பூவரசோ இருந்தால் தேக்குக்காக ஏங்க வேண்டாம். வேம்பைக் கரையான் சுலபத்தில் தொடாது. முறுக்கிக்கொள்ளும் என்பது மட்டும்தான் அதன் குறை. அந்தக் காலத்தில் மரத்தை அறுப்பதற்கு முன் மாதக்கணக்கில் குளத்தில் ஊறப்போட்டார்கள். மரத்திலிருக்கும் மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து போய்விடும், வண்டு அண்டாது. இன்றைக்கு அந்தக் குளத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அறுத்து வந்த பலகையை நிழலில், நடுநடுவே குச்சி வைத்து அடுக்கி, வெட்டு முனைகளில் பெயிண்ட் அடித்து வையுங்கள். அதில் ஒரு பலகையை மட்டும் வாராவாரம் தராசில் நிறுத்து எழுதிவாருங்கள். எடை குறைவது எப்போது நிற்கிறதோ அப்போது மரம் நம் ஊர்க் காற்றோடு சமாதானமாகிவிட்டது.

பழைய கதவு எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996இல் திறந்தது. செட்டிநாட்டிலிருந்து பெயர்த்து வந்து நிறுத்திய வீடு ஒன்று அங்கே உண்டு. அந்த மாதிரிப் பழைய வீடுகளில் கதவின் மேலேயும் கீழேயும் பாருங்கள். கீல் இல்லாமல், நிலையில் இருக்கும் குழிக்குள் குடுமி சுழல்கிற கதவுகள் அந்தக் காலத்தில் சாதாரணம். கனத்தைக் கீழ்ப்படியே தாங்குவதால் கதவு தொங்குவதில்லை. மூன்று கீலும் பன்னிரண்டு திருகாணியுமாக நாம் மாட்டும் கதவு பத்து வருஷத்தில் தரையை உரச ஆரம்பித்துவிடுகிறது.

இப்போது கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டிய ஒன்று. இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் மார்பிள் கட்டரைத் தலைகீழாகத் திருப்பி, பிளைவுட்டில் ஓட்டை போட்டு, பிளேடை மேலே நீட்டி, அதையே அறுவை மேசையாகப் பயன்படுத்துகிறார்கள். நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு மாட்டுகிறவர்களும் உண்டு. அந்த கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடுகிறது. கல்லையும் இரும்பையும் தேய்த்து அறுப்பதற்கு ஆன வேகம் அது. பல் வைத்த பிளேடு மரத்தில் மாட்டிக்கொண்டால் கருவி கையை விட்டுத் துள்ளும். ஆலையில் கார்டு இல்லாத இயந்திரத்தைத் தொடமாட்டேன் என்று நிற்கிறவரே வீட்டுக்கு வந்து இதைச் செய்வதுதான் எனக்குப் புரியவில்லை. ஒரு சாதாரண சர்க்குலர் சாவும், அதை நேராக ஓட்ட ஒரு அலுமினியப் பட்டியும் இருந்தால் கதவு வேலைக்குப் போதும். முகக்கவசமும் போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது.

முறையாகக் கற்க விரும்பினால் ஐ.டி.ஐ.களில் தச்சர் பிரிவு இருக்கிறது. பெங்களூரில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் மரவேலைப் பயிற்சிகள் நடத்துகிறது. ஆனால் பக்கத்துத் தெருவில் நிலை நிறுத்தும் வேலை நடந்தால், ஆசாரியிடம் கேட்டுக்கொண்டு அரைநாள் அங்கே நிற்பதுதான் சிக்கனமான பள்ளிக்கூடம்.

கதவை மாட்டுகிற அன்றைக்கு ஒரு வேலை மிச்சமிருக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் பளபளவென்று பாலிஷ் போட்டிருப்பீர்கள். கதவின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் பெரும்பாலும் யாரும் பூசுவதில்லை. கண்ணில் படாத இடம். நெடுஞ்சட்டத்தின் வெட்டு முனை வெளியே தெரிகிற இடம் அதுதான். மரம் தண்ணீரை வேகமாக உறிஞ்சுவதும் அந்த முனை வழியாகத்தான். வீடு கழுவும் தண்ணீர் தினமும் அங்கே படுகிறது. கதவைக் கீலில் மாட்டுவதற்கு முன் படுக்கப்போட்டு, அந்த இரண்டு விளிம்புக்கும் மூன்று கை வார்னிஷ் கொடுத்துவிடுங்கள்.