வெனிசுக்குள் போக 5 யூரோ: கூட்டத்துக்குத் தடையா, ஆள் கணக்கா?

ஏப்ரல் 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை பகலில் வெனிசைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், 20ஆம் தேதிக்குள் இணையத்தில் பதிந்துவிட வேண்டும். அப்படிப் பதிந்தால் தலைக்கு 5 யூரோ. ஒரு நாள் தள்ளினாலும் அதே சீட்டு 10 யூரோ. 24ஆம் தேதியிலிருந்து மே 3 வரை பத்து நாளும் விடாமல் கட்டண நாள்கள். 2026இன் பட்டியலில் மிக நீண்ட தொடர்களில் ஒன்று இது. நம் ஊரிலிருந்து கோடை விடுமுறை டூர்கள் கிளம்பும் நேரமும் இதுவே என்பதால் வாசகர் கடிதங்கள் குவிகின்றன. விசாவுக்குக் கட்டிய பணத்தில் இது சேராதா? டூர்காரர் 'எல்லாம் அடக்கம்' என்கிறாரே, நம்பலாமா? மெஸ்த்ரேயில் ரூம் போட்டிருக்கிறோம், நாங்களும் கட்ட வேண்டுமா?

வெனிஸ் ஏன் பார்க்க வேண்டிய ஊர் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கடிதம் போட்டவர்களுக்கு அதில் சந்தேகம் இல்லை. குழப்பமெல்லாம் சீட்டில்தான்.

யார் கட்ட வேண்டும்?

காலையில் வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, இரவு வேறு ஊரில் தங்கப் போகிறவர்கள். அதுவும் பட்டியலில் உள்ள 60 நாள்களில், காலை 8.30 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் பழைய நகரத்துக்குள் இருந்தால் மட்டும். ஏப்ரல் 3இல் தொடங்கி ஜூலை 26இல் முடியும் இந்தப் பட்டியலில் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறுகள். ஈஸ்டர் திங்கள், ஏப்ரல் கடைசி வாரம், ஜூன் முதல் வாரம் ஆகியவற்றில் மட்டும் மற்ற கிழமைகளும் சேர்கின்றன. கூட்டத்தைக் குறைக்கத்தான் இந்தக் கட்டணம் என்கிறது நகராட்சி. அப்படியானால் ஆகஸ்டில் ஒரு நாள்கூட ஏன் பட்டியலில் இல்லை, பிப்ரவரி கார்னிவல் ஏன் இல்லை என்பது நியாயமான கேள்வி.

மெஸ்த்ரேயில் தங்கினால்?

பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பதிய வேண்டும். மெஸ்த்ரே கடல்நீர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், நிலப்பரப்பில் இருந்தாலும் வெனிஸ் நகராட்சி எல்லைக்குள்தான் வருகிறது. அங்கே ஓட்டலில் தங்குபவர் இரவுக்கு இவ்வளவு என்று தங்கல் வரி கட்டிவிடுகிறார். அதனால் நுழைவுக் கட்டணத்தில் விலக்கு. பதுவாவில் தங்கினால் இந்த விலக்கு கிடையாது. ரயிலில் அரை மணி நேரத் தூரம்தான், ஆனால் அது வேறு நகராட்சி. மலிவான அறைக்காகக் குழுப் பயணங்களை இப்படிச் சுற்றுவட்டார ஊர்களில் தங்கவைப்பது வழக்கம் என்பதால், ஓட்டலின் பெயரைவிட அது எந்த நகராட்சியில் இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள்.

விலக்கு பெற்றவர் ஏன் பதிய வேண்டும்?

இந்தத் திட்டத்தில் ஆராய வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

2024 ஏப்ரல் 25 அன்று திட்டம் தொடங்கிய முதல் நாளில் இணையத்தில் பதிந்தவர்கள் 1,13,000 பேர். அவர்களில் பணம் கட்டியவர்கள் 15,700 பேர்தான். மற்றவர்கள் ஓட்டலில் தங்கியவர்கள், அங்கே வேலைக்கும் படிப்புக்கும் வருபவர்கள், நகரவாசிகளின் உறவினர்கள் என்று விலக்கு பெற்றவர்கள். அதாவது ஒருவர் காசு கொடுத்தால், அவருக்குப் பின்னால் ஆறு பேர் காசு கொடுக்காமல் தங்கள் விவரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நம் கல்யாண வீட்டில் மொய் எழுதாதவரையும் நிறுத்தி, பெயரை நோட்டில் ஏற்றிய பிறகே பந்திக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இது. விருந்து யாருக்கும் மறுக்கப்படுவதில்லை. வந்தவர் யார் என்பது மட்டும் நோட்டில் ஏறிவிடுகிறது.

ஆள் எண்ண வேறு வழி இல்லையா என்றால், ஏற்கெனவே இருக்கிறது. திரொன்கெத்தோ தீவில் 2020 முதல் ஒரு கட்டுப்பாட்டு அறை இயங்குகிறது. கேமராக்களும் கைப்பேசிக் கோபுரத் தரவும் சேர்ந்து, இந்த நிமிடம் நகரத்தில் எத்தனை பேர், எந்த நாட்டுக்காரர்கள், எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்பதை அந்தத் திரைகளில் காட்டுகின்றன. எத்தனை பேர் என்பது ஏற்கெனவே தெரியும். சீட்டு கூடுதலாகத் தருவது, யார் எந்தக் காரணத்துக்காக வருகிறார் என்பதையும் அதை முன்கூட்டியே அறியும் வசதியையும்தான்.

முன்கூட்டித் தெரிந்துகொண்டு என்ன செய்ய முடியும்? இங்கேதான் அதிகாரபூர்வ விளக்கம் இடறுகிறது. இந்தச் சீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. இத்தனை பேருக்கு மேல் இன்று இடமில்லை என்று இணையதளம் எந்த நாளும் சொல்லாது. ஏதென்சின் அக்ரோபோலிசில் 2023 முதல் நாளொன்றுக்கு 20,000 பேர்தான். பொம்பெய்யிலும் 2024 நவம்பர் முதல் அதே எண்ணிக்கை, அதுவும் பெயர் போட்ட சீட்டு. அங்கே சீட்டு நிஜமாகவே கதவு. தீர்ந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். வெனிசில் அப்படிச் செய்வது எளிதல்ல. அது இடிபாடு அல்ல, மக்கள் வாழும் ஊர். குடிமக்கள் நாட்டுக்குள் எங்கும் போகலாம் என்கிற இத்தாலிய அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவைக் காட்டி, இந்தக் கட்டணத்தையே எதிர்ப்பவர்கள் உண்டு.

இனி, நான்கு நாளுக்கு முன்பே பதிந்தால் பாதி விலை என்கிற கணக்கு. முன்கூட்டித் திட்டமிடுபவருக்குச் சலுகை என்பது நகராட்சியின் வாதம். 2024இல் எல்லாருக்கும் 5 யூரோ. 29 கட்டண நாள்களில் சுமார் 4.85 லட்சம் பேர் கட்டினார்கள், 24 லட்சம் யூரோ வந்தது. 2025இல் நாள்களை 54 ஆக்கி, கடைசி நேரத்தில் பதிபவருக்கு 10 யூரோ என்று வைத்தார்கள். கட்டியவர்கள் சுமார் 7.2 லட்சம், வசூல் 54 லட்சம் யூரோ. வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஏழரை யூரோ வருகிறது. ஐந்துக்கும் பத்துக்கும் சரிநடுவே. அப்படியென்றால் கட்டியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கெடு தாண்டி வந்தவர்கள். இவர்கள் முன்கூட்டித் திட்டமிடவும் இல்லை, 10 யூரோவுக்குப் பயந்து வீட்டோடு இருந்துவிடவும் இல்லை. சீக்கிரம் பதிபவரிடமிருந்து நகராட்சிக்குத் தகவல் கிடைக்கிறது; தாமதமாக வருபவரிடமிருந்து காசு. எப்படிப் பார்த்தாலும் நகராட்சிக்கு நஷ்டமில்லாத ஏற்பாடு. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கூட்டம் இதனால் குறைகிறது என்பதற்கு இந்தக் கணக்கில் சாட்சி இல்லை. ஒரு வாப்பரெத்தோ படகில் ஒருமுறை ஏற 9.50 யூரோ கொடுக்கும் பயணி, 5 யூரோவைப் பார்த்தா திரும்பிப் போவார்?

அப்படியென்றால் ஏன் கொண்டுவந்தார்கள்?

இதற்கான அதிகாரத்தை 2018 இறுதியில் நிறைவேறிய பட்ஜெட் சட்டமே கொடுத்துவிட்டது. பிறகு கொரோனாவும் தயக்கமுமாக ஆண்டுகள் ஓடின. 2023 ஜூலையில் வெனிசை 'ஆபத்தில் உள்ள பாரம்பரியச் சின்னங்கள்' பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று யுனெஸ்கோவின் நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். செப்டம்பர் 12இல் நகர மன்றம் கட்டணத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதே மாதம் ரியாத்தில் கூடிய யுனெஸ்கோ குழு, வெனிசைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது. தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதை வாசகரிடமே விட்டுவிடலாம்.

நகரத்தின் நிஜமான நோயைக் காட்டும் பலகை வேறிடத்தில் இருக்கிறது. ரியால்தோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் கண்ணாடி ஜன்னலில், 2008 முதல் ஒரு சின்ன மின்னணுப் பலகை ஒளிர்கிறது. பழைய நகரத்தில் இன்னும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்கிற எண் மட்டும் அதில். 1950களின் தொடக்கத்தில் ஒன்றே முக்கால் லட்சமாக இருந்த மக்கள்தொகை இன்று 50,000க்கும் கீழே. சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகள் 2023இலேயே குடியிருப்பவர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டன. வீடுகள் விடுதிகளாக மாறுவதுதான் பிரச்சினை என்றால், விடுதியில் தங்குபவருக்கு விலக்கு கொடுத்து, பகலில் வந்துபோகிறவரிடம் வசூலிப்பது எந்த மருந்து?

மற்ற கேள்விகள்

விசாவில் அடங்குமா? அடங்காது, விசா நாட்டுக்கு, இது நகராட்சிக்கு.

'எத்தியாஸ்' என்கிறார்களே, அதுவா இது? இல்லை, அது விசா தேவைப்படாத நாட்டவருக்கானது, இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குச் சம்பந்தமில்லை.

டூர்காரர் கட்டிவிட்டேன் என்றால்? உங்களுக்கான கியூ.ஆர். குறியீட்டைக் கேட்டு வாங்கிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள்? 14 வயதுக்குக் கீழே கட்டணமில்லை. வயதுச் சான்று கையில் இருக்கட்டும்.

முரானோ, புரானோ தீவுகள்? கட்டணமில்லை.

மாலை 4 மணிக்கு மேல் போனால்? கட்டணமும் இல்லை, பதிவும் இல்லை.

சீட்டு இல்லாமல் மாட்டினால்? 50 முதல் 300 யூரோ வரை அபராதம்.

குழுவில் எத்தனை பேர்? வழிகாட்டியோடு போனால் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கிக்கும் தடை.

பதுவாவில் ரூம் போட்டாகிவிட்டது, என்ன செய்வது? பயணத் தேதியை மாற்ற முடிந்தால் மே மாதத்தில் திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாளில் போய்வாருங்கள். அந்த நாள்கள் எதுவும் பட்டியலில் இல்லை.