மருத்துவமனைக்கு ஒரு மையமற்ற அடையாளச் சேவையகம்

மையமற்ற அடையாளச் சேவையகம் என்பது நோயாளி, மருத்துவர், செவிலியர் ஆகியோருக்கான சான்றுகளில் டிஜிட்டல் கையொப்பமிட்டு, அவற்றை அவரவர் கையிலேயே கொடுத்துவிடும் கணினி அமைப்பு. வழக்கமான ஏற்பாட்டில் தடுப்பூசி விவரமும் ஒவ்வாமைக் குறிப்பும் மருத்துவமனையின் தரவுத்தளத்தில் மட்டுமே இருக்கும். வேறொரு மருத்துவமனைக்கு அவை வேண்டுமென்றால் முதல் மருத்துவமனையைக் கேட்க வேண்டும், அல்லது இரண்டுக்கும் பொதுவான மையக் கிடங்கு ஒன்று வேண்டும். கிடங்கு பெருகப் பெருக ஆபத்தும் பெருகும். கசிந்துபோன கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். கசிந்துபோன நோய் வரலாற்றை மாற்ற வழியில்லை. மையமற்ற முறை அந்தக் கிடங்கின் தேவையைக் குறைக்கிறது. ஆகவே இந்தச் சேவையகத்தை அமைப்பவர் ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது இன்னும் எவ்வளவு குறைவாகத் தெரிந்துவைத்திருந்தால் போதும்?

மூன்று தரப்புகள்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை மாணவரே வைத்திருக்கிறார். கல்லூரி முத்திரையைப் பார்த்து அதை ஏற்கிறது. மையமற்ற அடையாளத்திலும் இதே ஏற்பாடுதான்: சான்று வழங்கும் மருத்துவமனை, அதை வைத்திருக்கும் நோயாளி, சரிபார்க்கும் மருந்தகம் அல்லது வேறொரு மருத்துவமனை. முத்திரையின் இடத்தில் இங்கே கணிதக் கையொப்பம் இருக்கிறது. மருத்துவமனை தன் தனிச்சாவியால் கையொப்பமிடும். அதற்கு இணையான பொதுச்சாவியை யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம். சான்றில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது.

இதற்கான இரண்டு அடிப்படைத் தரங்களை வகுத்தது உலகளாவிய வலைச் சங்கமான டபிள்யூ3சி. சான்றின் வடிவத்தை வரையறுக்கும் தரம் 2019இலும் அதன் இரண்டாம் பதிப்பு 2025இலும் வெளியாயின. மையமற்ற அடையாளங்காட்டியை, அதாவது டிஐடியை, வரையறுக்கும் தரம் 2022 ஜூலையில் ஏற்கப்பட்டது. டிஐடி என்பது ஒரு முகவரி. அதைத் தேடிப் போனால் ஒரு சிறிய ஆவணம் கிடைக்கும். பொதுச்சாவிகளும், எந்தச் சாவி எதற்கு என்ற விவரமும் அதில் இருக்கும்.

இந்தியாவில் 2021இல் கோவின் வழங்கிய தடுப்பூசிச் சான்றிதழின் கியூஆர் குறியீட்டுக்குள் இந்தச் சான்று வடிவத்தில் கையொப்பமிட்ட தரவுதான் இருந்தது. அதை உருவாக்கிய திறமூல மென்பொருளான டிவாக்கை இலங்கையும் தன் தடுப்பூசிச் சான்றிதழுக்குப் பயன்படுத்தியது. இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவை, மருத்துவமனை விட்டு மருத்துவமனை செல்லும் பணியாளர்கள் ஒவ்வொரு முறையும் ஆவணங்களை மீண்டும் காட்டத் தேவையில்லாதபடி 2020இல் டிஜிட்டல் பணியாளர் கடவுச்சீட்டு ஒன்றை இதே அடிப்படையில் அறிமுகப்படுத்தியது.

முகவரியைத் தேர்ந்தெடுத்தல்

டிஐடியை உருவாக்க நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் பதிவாகியுள்ளன. சில முறைகள் பிளாக்செயின் பேரேட்டை நம்புகின்றன. ஹைப்பர்லெட்ஜர் இண்டி அவ்வகையில் அடையாளத்துக்கென்றே எழுந்தது. ஏற்கெனவே இணையதளம் வைத்திருக்கும் மருத்துவமனைக்கு எளிய வழி 'டிஐடி-வெப்' முறை. இதில் மருத்துவமனையின் டொமைன் பெயரே அடையாளங்காட்டி ஆகிறது. தளத்தின் 'வெல்-நோன்' அடைவில் டிஐடி ஆவணத்தை ஜேசன் கோப்பாக வைத்தால் போதும். ஆய்வகம், மருந்தகம் போன்ற பிரிவுகளுக்குத் தனி அடையாளம் வேண்டுமென்றால் டொமைனுக்குக் கீழே தனித்தனிப் பாதைகள் அமைக்கலாம்.

இந்த எளிமைக்கு விலையும் உண்டு. டொமைனைப் புதுப்பிக்கத் தவறினால் அடையாளமே பிறர் கைக்குப் போய்விடும். பெயரை நீண்ட காலத்துக்குப் பதிவு செய்வதும், பதிவாளர் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு வைப்பதும் இங்கே சேவையகப் பாதுகாப்பின் பகுதிகளே. டிஐடி-வெப் பழைய ஆவணங்களின் வரலாற்றைத் தானாகக் காப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க, ஒவ்வொரு மாற்றத்தையும் சங்கிலியாகப் பதிந்துவைக்கும் டிஐடி-வெப்விஎச் என்ற முறை வந்திருக்கிறது.

எந்த முறையானாலும் ஒரு விதி மாறாது: நோயாளி பற்றிய எதுவும் பொதுப் பேரேட்டில் ஏறக் கூடாது. பேரேட்டில் எழுதியது அழியாது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதிகளும், 2023இல் இந்தியாவில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தம் தரவை நீக்கச் சொல்லும் உரிமையை மக்களுக்குத் தருகின்றன. அழிக்க முடியாத இடத்தில் எழுதிவிட்டால் அந்த உரிமைக்குப் பொருளில்லை.

சாவிகள்

அடுத்த வேலை சாவி இணைகளை உருவாக்குவது. பரவலாகப் பயன்படும் இடி25519 முறையில் பொதுச்சாவி 32 பைட், கையொப்பம் 64 பைட். சிறிய கியூஆர் குறியீட்டிலும் அடங்கிவிடும். சான்றில் கையொப்பமிட ஒரு சாவியும், சேவையகம் தன்னை நிரூபிக்க வேறொரு சாவியும் இருக்க வேண்டும். டிஐடி ஆவணத்தில் ஒவ்வொரு சாவியின் பயனும் தனித்தனியே குறிக்கப்படும். சான்றுக்கு உரியதாகக் குறிக்கப்படாத சாவியால் கையொப்பமிட்டால், கண்டிப்பான சரிபார்ப்பு நிரல் அந்தச் சான்றை ஏற்காது. புதிதாக அமைப்பவர்களுக்கு அடிக்கடி நேரும் பிழை இது.

தனிச்சாவி சாதாரணக் கோப்பாகச் சேவையகத்தில் கிடக்கக் கூடாது. அதைச் சாவி வெளியே வராத வன்பொருள் பெட்டகத்திலோ, மேகச் சேவை நிறுவனங்கள் தரும் சாவி மேலாண்மைச் சேவையிலோ வைப்பதே முறை. நிரல் அங்கே தரவை அனுப்பிக் கையொப்பத்தை மட்டும் பெற்றுக்கொள்ளும்.

சாவியை மாற்றும் நாளும் வரும். வழக்கமான மாற்றத்தில் புதிய சாவியை ஆவணத்தில் சேர்த்து, பழைய பொதுச்சாவியையும் விட்டுவைக்க வேண்டும். அதை அவசரப்பட்டு நீக்கினால், அந்தச் சாவியால் வழங்கிய எல்லாச் சான்றுகளும் ஒரே நொடியில் செல்லாதவை ஆகிவிடும். சாவி திருடுபோனால் நிலைமை நேர்மாறு: உடனே நீக்கிவிட்டு, சான்றுகளைப் புதிய சாவியால் மீண்டும் வழங்க வேண்டும். இரண்டுக்குமான நடைமுறை சேவையகம் ஓடத் தொடங்கும் முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும்.

மென்பொருளும் அமைப்புகளும்

எல்லாவற்றையும் புதிதாக எழுதத் தேவையில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு முன்னின்று வளர்த்த அகாபை, பைத்தானில் எழுதப்பட்ட திறமூல முகவர் நிரல். பெங்களூரு சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பிறந்த மோசிப் திட்டம், சான்று வழங்கவும் வைத்திருக்கவும் சரிபார்க்கவும் இஞ்சி என்ற தொகுப்பைத் தருகிறது.

அகாபை போன்ற நிரலில் இரண்டு வாசல்கள் இருக்கும். ஒன்று, நோயாளி தன் கைபேசியில் சான்றுகளை வைத்திருக்கும் வாலட் செயலிகள் வெளியிலிருந்து பேசும் வாசல். மற்றொன்று, சான்று வழங்கச் சொல்லி மருத்துவமனையின் உள் மென்பொருள் கட்டளையிடும் நிர்வாக வாசல். முதலாவது மட்டுமே இணையத்துக்குத் திறந்திருக்க வேண்டும். பயிற்சிக் குறிப்புகளில் நிர்வாக வாசலைக் கடவுச்சொல் இன்றித் திறக்கும் அமைப்பு அடிக்கடி காணப்படும். அது சோதனைக் கணினிக்கு மட்டுமே உரியது. சேமிப்புக்கு முன்னிருப்பாக வரும் சிறிய எஸ்கியூலைட்டுக்குப் பதிலாக, உண்மைப் பயன்பாட்டில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை இணைப்பது நல்லது.

முன்வாசலில் டிஎல்எஸ் குறியாக்கம் கட்டாயம். உலாவி வழியே சரிபார்க்கும் பிற தளங்களும் டிஐடி ஆவணத்தைப் படிக்க அனுமதிக்கும் தலைப்பைச் சேர்க்க வேண்டும். சேவையகக் கடிகாரம் நேர ஒத்திசைவோடு ஓட வேண்டும். சில நிமிடம் முந்தினால்கூட, சற்றுமுன் வழங்கிய சான்று 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று நிராகரிக்கப்படும்.

சான்றின் உள்ளடக்கம்

சான்றுக்குள் வரும் மருத்துவத் தரவை எச்எல்7 அமைப்பின் எஃப்எச்ஐஆர் தரத்தில் எழுதினால் பிற அமைப்புகளும் அதைப் படிக்க முடியும். இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கமும் அதையே பின்பற்றுகிறது. அந்த இயக்கம் தரும் 14 இலக்க ஆபா எண் டிஐடி அன்று. மையமாக வழங்கப்படும் எண். நோயாளியின் ஒப்புதலோடு அதைச் சான்றில் சேர்க்கலாம்.

ஒரு சான்றில் முழு நோய் வரலாற்றையும் அடைப்பது தவறு. இரத்த வகைக்கு ஒன்று, ஒவ்வாமைக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று எனப் பிரித்தால், தேவையானதை மட்டும் நோயாளி காட்டுவார். எஸ்டி-ஜேடபிள்யூடி போன்ற முறைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: ஒரே சான்றில் சில வரிகளை மட்டும் காட்டி மற்றவற்றை மறைக்கலாம், கையொப்பம் அப்போதும் பொருந்தும். சான்றைக் கைபேசிக்கு அனுப்பவும் அங்கிருந்து காட்டவும் ஓப்பன்ஐடி அறக்கட்டளையின் இரு நெறிமுறைகள் 2025இல் இறுதி வடிவம் பெற்றன. புதிய சேவையகத்தில் அவற்றைத் தேர்ந்தெடுத்தால் பலவகை வாலட் செயலிகளுடன் பேச முடியும்.

ரத்து செய்தல்

வழங்கிய சான்று தவறானால், அல்லது மருத்துவரின் பதிவு நீக்கப்பட்டால், சான்றைத் திரும்பப் பெற வழி வேண்டும். ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பவர் 'இந்தச் சான்று செல்லுமா' என்று மருத்துவமனையைக் கேட்டால், நோயாளி எங்கெங்கே போகிறார் என்பது மருத்துவமனைக்குத் தெரிந்துவிடும். இதைத் தவிர்க்க டபிள்யூ3சியின் நிலைப்பட்டியல் முறை உதவுகிறது. குறைந்தது 1,31,072 பிட்கள் கொண்ட ஒரே பட்டியல். ஒவ்வொரு சான்றுக்கும் அதில் ஓரிடம். ரத்தானால் அந்த பிட் 1 ஆகும். முழுப் பட்டியலின் அளவு 16 கிலோபைட்தான். சுருக்கினால் இன்னும் சிறியது. சரிபார்ப்பவர் முழுப் பட்டியலையும் இறக்கிக்கொள்வதால், அவர் எந்தச் சான்றைப் பார்க்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. சான்றுகளுக்கான இடங்களை வரிசையாகத் தராமல் கலைத்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் ஒரே நாளில் சான்று பெற்றவர்களை எண்ணைக் கொண்டே ஊகித்துவிடலாம்.

பதிவேடுகளும் எல்லைகளும்

சேவையகத்தின் நிகழ்வுப் பதிவுகளில் சான்றின் உள்ளடக்கம் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிழை தேடும் நிலையில் ஓடும் நிரல் முழுச் செய்தியையும் பதிந்துவிடும். தவிர்க்க நினைத்த கிடங்கு இப்படிப் பின்வாசலில் உருவாகிவிடும். சான்று நோயாளியின் கைக்குப் போய்விட்டாலும் மருத்துவமனையின் சொந்த மருத்துவ ஆவணக் கடமை தொடரும். அது வேறு அமைப்பின் வேலை. இந்தச் சேவையகத்தில் அதன் நகல் தேவையில்லை.

கையொப்பம் யார் வழங்கியது என்பதைத்தான் உறுதிசெய்யும்; சொன்னது சரியா என்பதை அன்று. பதிவு மேசையில் ஒருவரின் இரத்த வகை இன்னொருவர் பெயரில் ஏறிவிட்டால், உடைக்க முடியாத கையொப்பத்தோடு அந்தத் தவறு ஊர் சுற்றும். ஆளைச் சரிபார்க்கும் நடைமுறைதான் முழு அமைப்பின் அடித்தளம். அதேபோல், எந்த டிஐடி உண்மையான மருத்துவமனைக்கு உரியது என்று சொல்லும் நம்பகப் பட்டியல் ஒன்றும் வேண்டும். அதைப் பராமரிக்கும் பொறுப்பு மருத்துவக் கழகங்கள், அரசு போன்ற அமைப்புகளுடையது.

கைபேசி இல்லாத முதியவர், குழந்தை, சுயநினைவின்றி வந்த விபத்து நோயாளி ஆகியோருக்கும் வழி இருக்க வேண்டும். அச்சிட்ட கியூஆர் தாள், பாதுகாவலருக்கு வழங்கும் தனிச்சான்று, அவசர அணுகலுக்கான தனி விதி ஆகியவை தொடக்கத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். கைபேசி தொலைந்தால் பழைய சான்றை ரத்து செய்து புதியதைத் தரும் மேசையும் வேண்டும்.

சேவையகத்தைப் பயன்பாட்டுக்குத் திறக்கும் முன் நான்கு சோதனைகள் அவசியம்: வேறொரு நிறுவனத்தின் வாலட் செயலி சான்றைப் பெறுகிறதா, ஆவணமும் பட்டியலும் முன்பே இறக்கப்பட்டிருந்தால் இணைய இணைப்பின்றியும் சரிபார்க்க முடிகிறதா, ரத்து செய்த சான்று நிராகரிக்கப்படுகிறதா, சாவி மாறிய பிறகும் பழைய சான்று செல்கிறதா. இவற்றோடு, சேவையகத்தின் நிகழ்வுப் பதிவுகளைத் திறந்து நோயாளி ஒருவரின் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். அது எங்கும் கிடைக்கவில்லையென்றால் அமைப்பு சரியாக நிறுவப்பட்டிருக்கிறது.