அருவிக்கரையில் பிள்ளைக்கு அடிபட்டால்

2022 டிசம்பர் கடைசி வாரம். பழைய குற்றால அருவியில் குடும்பத்தோடு குளிக்க வந்த நான்கு வயதுச் சிறுமியை, தண்ணீர் வெளியேறும் துவாரம் வழியாக வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்க் கீழே பள்ளத்தில் தள்ளியது. மேலே ஒரே கூச்சல். விளாத்திகுளத்திலிருந்து சுற்றுலா வந்திருந்த இளைஞர் ஒருவர் பாறைகளுக்கிடையே இறங்கிப் பிள்ளையைத் தூக்கி வந்தார். சிறு காயங்களோடு அவள் தப்பிவிட்டாள். அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் அப்போது குறைவு.

இப்படிப்பட்ட ஆபத்து என்றைக்கோ ஒருநாள்தான் வரும். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சீசன் நேரத்தில், வழுக்கி விழும் பிள்ளைகளுக்குக் குறைவிருக்காது. பாறையில் பாசி; அதன்மேல் எண்ணெயும் சோப்பும். இவற்றைப் போட்டு அருவியில் குளிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. நீர்நிலை கெடக்கூடாது என்பதற்காக வந்த தடை அது. பின்னால் வரும் குழந்தையின் காலையும் அதுதான் காப்பாற்றுகிறது.

ஐந்தருவிப் படியில் ஓடும் பையன் வழுக்கினால் பெரும்பாலும் அடிபடுவது முழங்காலில், இல்லையென்றால் தாடையில். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் சின்ன வெட்டுக்கே ரத்தம் கொட்டும். ஈர உடம்பில் அது பரவி இன்னும் பயங்காட்டும். பதறி அருவித் தண்ணீரிலேயே கழுவ வேண்டாம். பாட்டிலில் இருக்கும் குடிநீரை ஊற்றிக் கழுவி, சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில் "நின்னுருச்சா?" என்று எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி கசியும். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது. தையல் போடும் முன் அத்தனையையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். அந்த வலி பிள்ளைக்குத்தான்.

தாடையில் அடி என்றால் இன்னொன்றும் செய்ய வேண்டும். அழுகை அடங்கியதும் வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி, பிறகு பல்லைக் கடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். பல் ஆடினாலோ, காதருகே வலித்தாலோ, வாய் கோணினாலோ மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்ப முடியாதபடி தூங்கினால், காதிலோ மூக்கிலோ ரத்தமோ நீரோ வந்தால், வலிப்பு வந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். தென்காசி அரசு தலைமை மருத்துவமனை ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிறது. செங்கோட்டையிலும் அரசு மருத்துவமனை உண்டு.

குற்றாலத்துக் குரங்குகளையும் மறக்கக் கூடாது. கையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்காகப் பாய்ந்து கீறினால்கூட, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் காரியமல்ல இது.

பிள்ளையின் தடுப்பூசி அட்டையைப் பெற்றோர் செல்போனில் படமெடுத்து வைத்திருந்தால், டெட்டனஸ் ஊசி தேவையா என்பதை மருத்துவர் உடனே முடிவு செய்வார்.

தையல் போட்டாகிவிட்டது, இனி அருவியில் குளிக்க முடியாது. அண்ணனும் அக்காவும் நனைந்து வர, கட்டுப் போட்ட பிள்ளை துண்டைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பதுதான் காயத்தைவிட வலிக்கும். மற்றவர்கள் மாறி மாறிக் குளிக்கட்டும்; ஒருவர் எப்போதும் அந்தப் பிள்ளையோடு இருக்கட்டும். நனையாமல் பார்க்க இங்கே எவ்வளவோ இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையின் சுவரோவியங்களை ஒரு மணி நேரம் பார்க்கலாம். செங்கோட்டையில் ரயிலேறினால் மலைப்பாதை தொடங்கிவிடும். 1904-ல் திறந்து, 2018-ல் அகலப் பாதையான அந்த வழியில் சுரங்கங்களும், கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று கண் பாலமும் வரும். சன்னலோரத்தில் உட்கார்ந்து சுரங்கங்களை எண்ணும் வேலையை அந்தப் பிள்ளைக்கே கொடுக்கலாம்.

கிளம்பும்போது மருத்துவமனைச் சீட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். முகத்துத் தையலைப் பொதுவாக ஐந்தாறு நாளில் பிரிப்பார்கள். முழங்காலுக்கு இரண்டு வாரம் வரை ஆகலாம். என்றைக்குப் பிரிப்பது என்று சீட்டிலேயே எழுதி வாங்கிவிட்டால், சொந்த ஊர் மருத்துவரிடமே அதை முடித்துக்கொள்ளலாம்.