மீட்டமைப்பில் வெளிப்படும் பழைய பிழைகள்

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1986-இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்து, 1996 முதல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயரில் வழங்கிவரும் தரவுத்தள மென்பொருள், ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை புதிய முதன்மைப் பதிப்பாக வெளியாகிறது. முதன்மைப் பதிப்பு மாறும்போது வட்டில் தரவு எழுதப்படும் உள்ளமைப்பும் மாறக்கூடும் என்பதால், பழைய பதிப்பு எழுதிவைத்த கோப்புகளைப் புதிய சர்வரிடம் அப்படியே கொடுத்தால், அவை பொருந்தாதவை என்று அறிவித்துவிட்டு அது இயங்க மறுத்துவிடும். இந்தத் தடையைத் தாண்ட நெடுங்காலமாக இருந்துவரும் வழி, பழைய சர்வரிலிருந்து ‘டம்ப்’ எடுத்துப் புதிய சர்வரில் ‘ரீஸ்டோர்’ செய்வதாகும்.

டம்ப் என்பது தரவுக் கோப்புகளின் நகல் அன்று. அட்டவணைகளை உருவாக்கும் கட்டளைகள், அவற்றில் நிரப்ப வேண்டிய வரிசைகள், அதன்பின் எழுப்ப வேண்டிய இண்டெக்ஸ்கள், கட்டுப்பாடுகள் ஆகியவற்றை எஸ்கியூஎல் மொழியில் ஒழுங்குபடுத்திய நிரலே அது. ரீஸ்டோர் என்பது அந்த நிரலை வெற்றுத் தரவுத்தளத்தில் முதலிலிருந்து இயக்குவது. ஆகவே பல ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளம், தன் விதிகள் அனைத்துக்கும் தான் உடன்பட்டதே என்று ஒரே இரவில் மறுபடியும் காட்ட வேண்டியதாகிறது. பதிப்பு மாற்றத்தின்மேல் சுமத்தப்படும் பழியில் கணிசமான பகுதி, பழைய சர்வரிலேயே இருந்து, யாரும் சோதிக்காததால் மறைந்து கிடந்த கோளாறுகளைச் சேர வேண்டியது.

எளிய தவறுகளும் உண்டு. டம்ப் எடுக்கும் ‘பிஜி_டம்ப்’ கருவி தன்னைவிடப் பழைய சர்வர்களைப் புரிந்துகொள்ளும், தன்னைவிடப் புதிய முதன்மைப் பதிப்பைத் தொட மறுக்கும். எனவே பழைய சர்வரிலிருந்து எடுப்பதற்கும் புதிய பதிப்பின் கருவியையே பயன்படுத்த வேண்டும். அது தனித்தனித் தரவுத்தளங்களை மட்டுமே எழுதுவதால், பயனர் கணக்குகளை ‘பிஜி_டம்ப்ஆல்’ கொண்டு தனியே எடுத்து முதலில் ஏற்ற வேண்டும். நீட்சிகளுக்கான நிரல்களும் புதிய கணினியில் முன்னதாகவே நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

ரீஸ்டோரின்போது திரையை நிரப்பும் பிழைச் செய்திகளைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. உரை வடிவ டம்ப்பை இயக்கும் ‘பிஎஸ்கியூஎல்’ கருவி, ஒரு கட்டளை தோற்றாலும் நிற்காமல் அடுத்ததற்குச் சென்றுவிடும் இயல்புடையது. ஒரு நீட்சி இல்லாததால் ஓர் அட்டவணை உருவாகவில்லை என்று கொண்டால், அதை நிரப்புவதற்கான ‘காப்பி’ கட்டளையும் தோற்கும். அதைத் தொடர்ந்து வரும் ஆயிரக்கணக்கான தரவு வரிகளைக் கருவி கட்டளைகளாக எண்ணிப் படிக்கத் தொடங்கும். மதிப்பற்ற இடத்தைக் குறிக்க டம்ப்பில் பின்சாய்கோடும் ‘என்’ எழுத்தும் சேர்ந்த குறி இடப்படுகிறது. பின்சாய்கோடு இந்தக் கருவியின் சொந்தக் கட்டளைகளுக்கும் தொடக்கக் குறி என்பதால், ‘செல்லாத கட்டளை’ என்ற செய்தி பக்கம் பக்கமாக ஓடுகிறது. அந்தச் செய்தியைத் தேடிப் பொழுதைக் கழிப்பது வீண், ஏனெனில் நோய் முதல் பிழையில் இருக்கிறது. ‘ஆன்_எரர்_ஸ்டாப்’ என்னும் அமைப்பை இயக்கிவிட்டால் கருவி முதல் பிழையிலேயே நின்றுவிடும். இதுவே இயல்பான அமைப்பாக இருந்திருக்கலாம்.

தரவுக்குள்ளேயே இருக்கும் பிழைகள் வேறு வகையின. 2005-இல் வந்த 8.1 பதிப்பு, யூடிஎஃப்-8 குறியேற்றத்துக்கு ஒவ்வாத பைட் தொடர்களை ஏற்க மறுத்தபோது, முந்தைய பதிப்புகள் கண்டும் காணாமல் விட்டிருந்த தரவு ரீஸ்டோரில் சிக்கிக்கொண்டது. டம்ப் கோப்பை ‘ஐகான்வ்’ கருவியில் செலுத்திச் செல்லாத பைட்டுகளை நீக்கலாம் என்று வெளியீட்டுக் குறிப்பே வழிகாட்டியது. ஆனால் தமிழ்த் தரவில் இந்த மருந்து ஆபத்தானது. யூடிஎஃப்-8-இல் ‘க’ மூன்று பைட்டுகள், அதன் உகரக் குறி மூன்று பைட்டுகள். பைட் கணக்கில் வெட்டும் ஏதோ ஒரு நிரல் கடைசிப் பைட்டைத் துண்டித்திருந்தால், சுத்திகரிப்புக்குப் பின் ‘கு’ என்பது ‘க’ ஆகி, எந்த எச்சரிக்கையும் இன்றி உள்ளே போய்விடும். சுத்திகரிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள கோப்புகளை ஒப்பிட்டு, வேறுபடும் வரிகளைக் கையால் திருத்துவதே முறை.

2018 மார்ச்சில் வந்த பாதுகாப்புத் திருத்தம் மற்றொரு பிழைக் கூட்டத்தை வெளியே கொண்டுவந்தது. அட்டவணைகளும் சார்புகளும் ‘ஸ்கீமா’ எனப்படும் பெயர்ப் பிரிவுகளில் வைக்கப்படுகின்றன. பிரிவைச் சொல்லாமல் ஒரு பெயரை அழைத்தால், அதை எங்கெங்கே தேடுவது என்பதைத் தேடல் பாதை தீர்மானிக்கிறது. பொதுப் பிரிவில் ஒரே பெயருடைய போலிச் சார்பை வைத்துப் பிறருடைய உரிமையில் இயங்கச் செய்யலாம் என்பதால், டம்ப் நிரல்கள் அந்தப் பாதையை வெறுமையாக்கியே தொடங்கலாயின. அதன் விளைவாக, இண்டெக்ஸுக்குள் பயன்படும் ஒரு சார்பு மற்றொரு சார்பைப் பிரிவுப் பெயரின்றி அழைத்திருந்தால், ‘அப்படி ஒன்று இல்லை’ என்று ரீஸ்டோர் தோற்கிறது. டம்ப்பில் பாதையை வெறுமையாக்கும் அந்த ஒரு வரியை அழித்துவிடும் குறுக்குவழியும் இனி உதவாது. 2024-இன் 17-ஆம் பதிப்பு, இண்டெக்ஸ் எழுப்பும்போது தானாகவே பாதையைச் சுருக்கிக்கொள்கிறது. பழைய சர்வரில் அந்தச் சார்புக்கே உரிய தேடல் பாதையை எழுதிவிட்டு மீண்டும் டம்ப் எடுப்பதே நிலைத்த தீர்வு.

எல்லாவற்றிலும் வியப்பானது எழுத்துவரிசை தந்த தொல்லை. லினக்ஸின் அடிப்படை நூலகமான ‘ஜிலிப்சி’, 2018-இன் 2.28 பதிப்பில் சொற்களை வரிசைப்படுத்தும் விதிகளைப் பெரிதும் மாற்றியது. இண்டெக்ஸ் என்பது வரிசைப்படுத்திய மரம். பழைய வரிசையில் எழுந்த மரத்தில் புதிய வரிசைப்படி தேடும் சர்வர் தவறான கிளையில் இறங்கி, இருக்கும் மதிப்பை இல்லை என்று முடிவுசெய்து, அதே மதிப்பை இரண்டாம் முறை சேர்க்க விட்டுவிடுகிறது. இயக்குதளம் மட்டும் மாறித் தரவுக் கோப்புகள் அப்படியே தொடர்ந்த சர்வர்களில் இரட்டை வரிசைகள் இவ்வாறு நுழைய முடிந்தது. தரவை நிரப்பிய பின் தனித்தன்மை இண்டெக்ஸை எழுப்பும் ரீஸ்டோரில்தான் இது பிடிபடுகிறது. அந்த இண்டெக்ஸ் தோற்றால் அதைச் சார்ந்த அயல் சாவிகளும் அடுத்தடுத்துத் தோற்கும். இரட்டைகளைப் பழைய சர்வரில் தேடும்போது, பழுதான இண்டெக்ஸ் வழியாகப் போகாமல் அட்டவணையை முழுவதும் வாசிக்கும்படி செய்ய வேண்டும், இல்லையெனில் தேடலும் அதே பொய்யைச் சொல்லும். டம்ப் எடுக்காமல், பழைய தரவுக் கோப்புகளையே வைத்துப் பதிப்பை மாற்றித்தரும் ‘பிஜி_அப்கிரேட்’ கருவி பன்மடங்கு விரைவானதுதான். ஆனால் பழுதான மரத்தையும் அது புதிய பதிப்புக்கு அப்படியே தூக்கிச் செல்லும்.

பிழையின்றி முடிந்த ரீஸ்டோருக்குப் பிறகும் சர்வர் மந்தமாகத் தோன்றினால், பெரும்பாலும் காரணம் ஒன்றே: எந்த வினவலை எந்த வழியில் நிறைவேற்றுவது என்று தீர்மானிக்க உதவும் புள்ளிவிவரங்களை வழக்கமான டம்ப் எடுத்துச் செல்வதில்லை. ‘அனலைஸ்’ கட்டளையை எல்லா அட்டவணைகள்மீதும் ஒருமுறை இயக்கிய பின்னரே பயனர்களை உள்ளே விட வேண்டும்.