பழைய கணினிக்குப் பொருத்தமான எக்ஸ்எஃப்சிஇ

"கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகருதே, காயலான் கடையில போட்டுடலாமா?" கொஞ்சம் பொறுங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. ஆனால் லினக்ஸ் ஏறும்.

லினக்ஸில் பட்டி, ஐகான், ஜன்னல் என்று திரையில் தெரிவதைக் கவனிப்பது டெஸ்க்டாப் சூழல். பிடித்ததை நாமே தேர்ந்துகொள்ளலாம். பழைய கணினிக்கு நான் சொல்வது எக்ஸ்எஃப்சிஇ. இலச்சினையே ஒரு சுண்டெலிதான்!

1996-ல் ஒலிவியே ஃபூர்தான் இதைத் தொடங்கினார். அன்று அது நம்பியிருந்த எக்ஸ்ஃபார்ம்ஸ் நிரல் தொகுப்பு கட்டற்றதாக இல்லாததால், ரெட் ஹேட் தன் லினக்ஸில் சேர்க்க மறுத்தது. அவர் சளைக்காமல் ஜிடிகே கொண்டு முழுவதையும் திரும்ப எழுதினார். இன்று யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓடும்.

அலங்காரம் குறைவு, அதனால் நினைவகமும் குறைவாகவே பிடிக்கும். பிரவுசரில் இருபது டேப் திறந்தால் திணறத்தான் செய்யும். அது இதன் குற்றமல்ல. கோப்புகளுக்குத் தூனார் இருக்கிறது. ஐபஸ் சேர்த்தால் தமிழ்99 முறையில் தட்டலாம்.

சுபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்க. பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி வேலை செய்யுதான்னு அப்போதே சோதிச்சுடுங்க. சில கருவிகளுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்காது. நிறுவும் முன் சான்றிதழ், போட்டோ எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்க.